ஒளித்து வைத்த மோட்டார்

2016 ஜனவரி 30. பெல்ஜியத்தில் ஸோல்டர் என்ற ஊரில் சைக்ளோகிராஸ் உலக சாம்பியன்ஷிப். சேற்றிலும் மணலிலும் ஓட்டி, ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற பந்தயம் அது. பெல்ஜியத்துக்காரர்களுக்கு அது ஏறக்குறைய ஊர்த் திருவிழா. 23 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு உலகப் பட்டம் என்று ஒன்றை அந்த வருஷம்தான் முதல்முறையாக வைத்திருந்தார்கள். ஃபெம்கே வான் டென் ட்ரீஷ் என்ற 19 வயது பெல்ஜியப் பெண் மேல் எதிர்பார்ப்பு அதிகம். பந்தயத்தின்போது, அவருக்காக மாற்று வண்டிகள் நிறுத்தி வைத்திருந்த இடத்தில் யூசிஐ எனப்படும் சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் ஆட்கள் டேப்லெட் மாதிரி ஒரு கருவியோடு வந்து நின்றார்கள். காந்தப்புலத்தைக் கண்டுபிடிக்கிற கருவி. ஒரு வண்டியின் சீட்டைத் தாங்குகிற குழாய்க்கு அருகில் அது குரல் கொடுத்தது. குழாய்க்குள் மோட்டாரும் பேட்டரியும் இருந்தன. ஹேண்டில்பாரில் சுற்றிய டேப்புக்கு அடியில் புளூடூத் சுவிட்ச்.

வண்டி தன் நண்பருடையது, தவறுதலாக அங்கே வந்துவிட்டது என்று அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னார். ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஆறு வருஷத் தடை, 20,000 ஸ்விஸ் ஃப்ராங்க் அபராதம், முந்தைய அக்டோபரிலிருந்து வென்ற பட்டங்கள் எல்லாம் ரத்து. அதோடு அவர் பந்தய வாழ்க்கை முடிந்தது. உலகப் போட்டி ஒன்றில் மோட்டாருடன் பிடிபட்ட முதல் வண்டி அதுதான்.

நான் சொல்ல வருவது அந்தப் பெண்ணின் கதையை அல்ல, அந்த மோட்டாரின் கதையை. விவாக்ஸ் என்ற ஆஸ்திரிய மோட்டார் அது. அதற்கு முன்னால் க்ரூபர் என்ற பெயரில் விற்றார்கள். சீட் குழாய்க்குள் விரல் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிதான உருளை, அதன் அடியில் ஒரு சாய்வுப் பற்சக்கரம், அது பெடல் அச்சைத் திருப்பும். அவ்வளவுதான். கடையில் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். முழங்கால் தேய்ந்தவர்கள், இதய அறுவை சிகிச்சை ஆனவர்கள், மனைவியோடு அல்லது கணவனோடு சேர்ந்து மலை ஏற ஆசைப்பட்டு மூச்சுத் திணறியவர்கள் வாங்கினார்கள். 2010இலேயே இத்தாலியத் தொலைக்காட்சியில் முன்னாள் வீரர் டாவிடே கஸ்ஸானி இப்படி ஒரு வண்டியை ஓட்டிக் காட்டி, இதைப் பந்தயத்தில் வைத்தால் யாருக்கும் தெரியாது என்றார். அந்த வருஷம் தூர் த ஃபிரான்ஸில் சைக்கிள்களை ஸ்கேன் செய்ய ஆரம்பித்தார்கள்.

ஸோல்டரில் பிடிபட்டு ஒன்றரை வருஷம்தான் ஆகியிருக்கும். 2017இல் ஸ்பெயினின் ஓர்பேயா, ஜெர்மனியின் ஃபோகஸ், இத்தாலியின் பினரெல்லோ மூன்று கம்பெனிகளும், பார்த்தால் மோட்டார் இருப்பதே தெரியாத ரோடு சைக்கிளை வெளியிட்டன. வளைந்த ஹேண்டில்பார், ஒல்லியான டயர், உள்ளே மோட்டார். நேற்றுவரை மோசடியின் அடையாளமாக இருந்த பொருள், விலைப்பட்டியலோடு கடைக்கு வந்துவிட்டது. எலெக்ட்ரிக் ரோடு சைக்கிளை இன்று வைத்துப் பராமரிக்கிறவர்கள் படுகிற பாடு பெரும்பாலும் இந்தப் பிறப்பில் இருந்து வந்தது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்ல, நூற்றுச் சொச்சம் வருஷம் பின்னால் போக வேண்டும்.

*

ஆரம்பத்தில் யாரும் எதையும் ஒளிக்கவில்லை. 1881 ஏப்ரலில் பாரிஸின் வாலுவா தெருவில் குஸ்தாவ் த்ரூவே என்பவர் மின்சார மூன்றுசக்கர வண்டியை ஓட்டினார். வண்டி இங்கிலாந்தில் செய்தது. அதில் இவர் தன் சின்ன மோட்டார்களையும் ஈய பேட்டரிகளையும் ஏற்றியிருந்தார். வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் இருக்கும். மனுஷன் ஓடினாலே அதைத் தாண்டலாம். த்ரூவே ஒன்றில் நிற்கிற ஆள் இல்லை. அதே மோட்டாரை எடுத்துப் படகின் பின்னால் மாட்டி ஸேன் நதியில் விட்டார். இன்று மீன்பிடிப் படகுகளில் பின்னால் தொங்குகிற அவுட்போர்டு மோட்டாரின் கொள்ளுத் தாத்தா அதுதான்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்டன் போல்ட்டன் 1895 டிசம்பர் 31 அன்று ஒரு காப்புரிமை வாங்கினார். எண் 552,271. அதில் உள்ள படத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பின்சக்கரத்தின் ஹப்புக்குள் மோட்டார், சட்டத்தின் நடுவில் தொங்குகிற பேட்டரி. இன்று நம் தெருவில் ஓடுகிற எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பலவற்றிலும் இதே அமைப்புதான். 10 வோல்ட்டில் 100 ஆம்பியர் வரை இழுக்கும் என்று எழுதியிருக்கிறார். பெருக்கினால் 1000 வாட். அந்தக் காலத்துப் பேட்டரி அதை எத்தனை நிமிஷம் தாங்கும் என்ற கேள்விக்குள் அவர் போகவில்லை. காப்புரிமை எழுதுகிறவர்களுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு.

இரண்டு வருஷம் கழித்து பாஸ்டனின் ஹோசியா லிப்பி மோட்டாரைப் பெடல் அச்சுக்குக் கொண்டு வந்தார். 1899இல் ஜான் ஷ்னெப் டயரின் மேல் உருளையை அழுத்தி உரசவிட்டு ஓட்டலாம் என்றார். இந்த மூன்றாவது யோசனை நமக்கு ரொம்பப் பழக்கமானது, தலைகீழாக. நம்ம ஊர் சைக்கிளில் இருட்டியதும் காலால் ஒரு தட்டு தட்டி டைனமோவை டயரில் சாய்த்தவர்களுக்குத் தெரியும். தட்டிய அடுத்த நொடி பெடல் கனக்கும். எதிர்க்காற்றில் வீடு போய்ச் சேர வேண்டும் என்றால் விளக்கே வேண்டாம் என்று டைனமோவை நிமிர்த்திவிடுவோம். காலில் இருந்து எடுத்து பல்புக்குக் கொடுப்பது டைனமோ. கம்பியில் இருந்து எடுத்து சக்கரத்துக்குக் கொடுப்பது மோட்டார். உள்ளே இருக்கும் காந்தமும் செப்புச் சுருளும் ஒன்றுதான்.

ஆக, ஹப், பெடல் அச்சு, டயர் என்று மோட்டார் உட்காரக்கூடிய மூன்று இடங்களையும் 1900க்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் எண்பது தொண்ணூறு வருஷம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. காரணம் பேட்டரியின் எடை. ஒரு கிலோ பெட்ரோலில் இருக்கிற சக்திக்கு ஈய பேட்டரி மூட்டை மூட்டையாக வேண்டும். நெதர்லாந்தில் 1930களில் ஃபிலிப்ஸ் மோட்டார் வைத்த சைக்கிள் விற்பனைக்கு வந்தது. நிலைக்கவில்லை. போருக்குப் பிறகு பிரான்ஸில் வெலோசோலெக்ஸ் வந்து லட்சக்கணக்கில் விற்றது. முன்சக்கரத்தின் மேல் சின்ன பெட்ரோல் எஞ்சின், அடியில் டயரை உரசுகிற உருளை. ஷ்னெப்பின் யோசனைதான், பெட்ரோல் ஊற்றி.

*

திருப்பம் ஜப்பானில் வந்தது. 1993இல் யமஹா வெளியிட்ட பாஸ் என்ற சைக்கிளில் திருகு ஆக்சிலேட்டரே கிடையாது. பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை ஒரு சென்சார் அளக்கும். அந்த அளவுக்கு ஏற்ப மோட்டார் கூடத் தள்ளும். மிதிக்காவிட்டால் மோட்டாரும் சும்மா இருக்கும். ஜப்பானியச் சட்டம் இதற்கென்று கணக்குப் போட்டது. மணிக்கு 15 கிலோமீட்டர் வரை மனிதன் ஒரு பங்கு, மோட்டார் ஒரு பங்கு. அதற்கு மேல் மோட்டாரின் பங்கு படிப்படியாகக் குறைந்து 24 கிலோமீட்டரில் பூஜ்யம்.

என்னைக் கேட்டால், போல்ட்டனுடைய மோட்டாரைவிட இந்தச் சென்சார்தான் பெரிய கண்டுபிடிப்பு. மோட்டார் வைத்த வண்டிக்கும் சைக்கிளுக்கும் நடுவில் புதிதாக ஒரு ஜாதியை அது உண்டாக்கியது. ஏறியவர்களுக்குத் தன் கால்தான் பலமாகிவிட்டது என்று தோன்றும். யமஹா மனதில் வைத்திருந்தது முன்னும் பின்னும் பிள்ளைகளையும் காய்கறிப் பையையும் ஏற்றிக்கொண்டு மேட்டுத் தெரு ஏறுகிற தாய்மார்களையும் முதியவர்களையும். அவர்களில் யாருக்கும் இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மேடு இருக்கிறது, பாரம் இருக்கிறது, உதவி வேண்டும். சரிதானே?

ஐரோப்பா 2002இல் தன் கணக்கைச் சொன்னது. தொடர் திறன் 250 வாட், மிதித்தால் மட்டும் உதவி, 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் நின்றுவிட வேண்டும். இதற்குள் இருந்தால் சைக்கிள். லைசென்ஸ், நம்பர் பிளேட் எதுவும் வேண்டாம். இந்தியாவிலும் பதிவு இல்லாமல் ஓட்டக்கூடிய பேட்டரி வண்டிக்குக் கிட்டத்தட்ட இதே இரண்டு எண்கள்தான், 250உம் 25உம். சோனி 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரி மெல்ல மலிவாகி சைக்கிளுக்கு வந்து சேர்ந்ததும், டச்சுக்காரர்களின் ஊர் சைக்கிள், ஜெர்மானியர்களின் சுற்றுலா சைக்கிள், பிறகு மலைச் சைக்கிள் என்று ஒவ்வொன்றாக மோட்டாருக்கு மாறின. கடைசியாக வந்தது ரோடு சைக்கிள். அதுவும் முகத்தை மூடிக்கொண்டு வந்தது.

*

அந்த வெட்கத்துக்கு ஒரு பரம்பரை உண்டு. தூர் த ஃபிரான்ஸை 1903இல் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச், பந்தயம் என்றால் மனிதனும் இரும்பும் மட்டும்தான் என்று நினைத்தவர். கியர் மாற்றுகிற டிரெய்லர் அவருக்குப் பிடிக்காது. அதெல்லாம் வயதானவர்களுக்கு என்பது அவர் கட்சி. இன்னொரு பக்கம் செந்த்எத்தியென் நகரில் பால் த விவி, வெலோசியோ என்ற புனைபெயரில் பத்திரிகை நடத்திக்கொண்டு, கியர் இல்லாமல் மலை ஏறுவது முழங்காலுக்குச் செய்யும் துரோகம் என்று வருஷக்கணக்கில் எழுதினார். தூர் வீரர்கள் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் பற்சக்கரம் வைத்திருப்பார்கள். மலை அடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டி ஏறுவார்கள். உச்சியில் மறுபடி இறங்கித் திருப்புவார்கள். 1936இல் உடல்நலம் குன்றிய தெக்ராஞ்ச் பொறுப்பை ழாக் கொதேயிடம் விட்டார். மறு வருஷமே டிரெய்லரை அனுமதித்துவிட்டார்கள். 1937இல் ஜெயித்த ரோஜே லாபெபி கியர் மாற்றிக்கொண்டுதான் ஜெயித்தார். இன்று கியர் வைத்த சைக்கிளை யாரும் ஏமாற்று வேலை என்று சொல்வதில்லை.

உதவி என்றால் என்ன என்பதில் தெக்ராஞ்ச் காலத்து ஆட்கள் எவ்வளவு கறார் என்பதற்கு 1913ஆம் வருஷத்துச் சம்பவம் ஒன்று போதும். பிரனே மலையில் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது யூஜின் கிறிஸ்டோஃபின் முன் ஃபோர்க் உடைந்தது. வெளியாள் உதவி கூடாது என்பது விதி. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து செந்த்மரி த காம்பான் கிராமத்துக் கொல்லன் பட்டறைக்குப் போனார். கொல்லர் வழி சொல்லலாம், கை வைக்கக் கூடாது. கிறிஸ்டோஃப் தானே இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து ஃபோர்க்கைச் சேர்த்தார். பந்தய அதிகாரிகள் பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு கையும் சம்மட்டியிலும் இடுக்கியிலும் இருந்ததால், ஒரு பையனைத் துருத்தி ஊதச் சொன்னார். அந்தத் துருத்திக்கு நேர அபராதம் போட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு சிரிக்கலாம். ஆனால் ரோடு சைக்கிள் ஓட்டுகிறவர்களின் மனதில் அந்த அதிகாரி இன்னும் வாசலில் நிற்கிறார். மலைச் சைக்கிள்காரர் பருத்த பேட்டரியோடு கூச்சமில்லாமல் போவார். ரோடு சைக்கிள்காரர் பக்கத்தில் வருகிறவர் கவனிக்கிறாரா என்று பார்ப்பார். பினரெல்லோ தன் மோட்டார் வண்டிக்கு 2017இல் ஒரு விளம்பரம் போட்டது. காதலனோடு சேர்ந்து ஓட்ட முடியாமல் ஏங்குகிற ஓர் இளம்பெண் அதில் வருவார். சைக்கிள் ஓட்டுகிற பெண்கள் கொதித்துப்போனார்கள். கம்பெனி விளம்பரத்தை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டது. இந்த வண்டி யாருக்கு என்று கம்பெனி கற்பனை செய்தது அந்த ஒரு படத்தில் தெரிந்துவிட்டது. பலவீனமானவர்களுக்கு, ஆனால் அந்தப் பலவீனம் வெளியே தெரியக் கூடாது.

*

ஒளிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக முடிவாகிவிடும். கீழ்க் குழாயின் தடிமன் கொஞ்சம்தான் கூடலாம். அதற்குள் போகக்கூடிய செல், 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள, பழைய லேப்டாப் பேட்டரிக்குள் இருந்த அதே உருளை. இப்படி இருபது செல்கள். இரண்டிரண்டாகச் சேர்த்து பத்து ஜோடிகளை வரிசையாகக் கோத்தால் 36 வோல்ட். நல்ல செல் ஒவ்வொன்றும் 12.5 வாட்-மணி அளவுக்குச் சக்தி வைத்திருக்கும். மொத்தம் 250 வாட்-மணி. பின்சக்கர ஹப் மோட்டாரோடு வருகிற வண்டிகள் பலவற்றில் இந்த அளவுதான் இருக்கும். மலைச் சைக்கிளின் பேட்டரி இதைப்போல இரண்டு மூன்று மடங்கு.

இது எதற்குக் காணும்? பள்ளிக்கூட இயற்பியல்தான். ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்த்து 90 கிலோ என்று வையுங்கள். அதை 1000 மீட்டர் உயரம் தூக்க 245 வாட்-மணி வேண்டும். பேட்டரியில் இருந்து எடுப்பதில் கால் பங்கு வெப்பமாகவும் மற்றதாகவும் போய்விடும் என்பதால், கையில் வருவது 190க்குள். கிறிஸ்டோஃப் நடந்த அதே தூர்மலேயை லூஸ் பக்கமிருந்து ஏறினால் 19 கிலோமீட்டர், 1400 மீட்டர் ஏற்றம். உருளல் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் 375 வாட்-மணி ஆகும். ஆக, முழு சார்ஜோடு அடிவாரத்தில் கிளம்பினால் மலையில் பாதியை பேட்டரி ஏறும், பாதியை நீங்கள் ஏற வேண்டும். 150 வாட் தொடர்ந்து மிதிக்கக்கூடிய நடுவயதுக்காரர் ஒன்றே கால் மணி நேரத்தில் உச்சியைத் தொடுவார். மோட்டார் இல்லாத இலகுவான வண்டியில் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டிலும் சட்டை நனையும். “மோட்டார் வச்ச சைக்கிள்ல எதுக்குய்யா இப்படி மூச்சு வாங்குற?” என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

சமதரையில் நிலைமை இன்னும் வேடிக்கை. ரோடு சைக்கிள் என்றாலே குழுவாகப் போனால் 28, 30 கிலோமீட்டர் வேகம். ஐரோப்பாவில் மோட்டார் 25இல் நின்றுவிடும். அதற்கு மேல் நீங்கள் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த மூன்றரைக் கிலோ மூட்டையை இழுத்துக்கொண்டு போகிறீர்கள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் 45 கிலோமீட்டர் வரை விடுகின்றன. அங்கே அதே வண்டி வேறு பிராணி.

*

இனி வீட்டில் வைத்துக்கொள்வது பற்றி. என்னிடம் இருப்பது பின்சக்கர மோட்டார் வகை.

செயின் விஷயத்தில் இது நல்லது. மோட்டார் சக்கரத்திலேயே இருப்பதால் செயின் வழியாகப் போவது காலின் பலம் மட்டும். மோட்டார் பெடல் அச்சில் இருந்தால் மனிதனும் மோட்டாரும் சேர்ந்து அதே செயினை இழுப்பார்கள். கியர் மாற்றும் நொடியில் அழுத்தத்தைக் குறைக்கத் தெரியாதவர்கள் ஒரு பருவத்தில் செயினையும் பற்சக்கரத்தையும் தின்றுவிடுவார்கள். எந்த வகையானாலும், செயின் அளக்கிற சின்னத் தகடு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 11, 12 அடுக்குப் பற்சக்கரங்களில் நீட்சி அரை சதவீதத்தைத் தொட்டாலே செயினை மாற்றிவிட வேண்டும். விட்டால், பற்சக்கரமும் அதோடு போகும். செயினைவிடப் பல மடங்கு விலை அது.

பஞ்சர்தான் சோதனை. முன்சக்கரம் என்றால் ஐந்து நிமிஷ வேலை. பின்சக்கரம் என்றால் மழையில் ரோட்டோரம் உட்கார்ந்து முதலில் மோட்டார் ஒயரின் இணைப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். சட்டத்தோடு ஒட்டினாற்போல் ஒளித்துத்தான் வைத்திருப்பார்கள். அதை நேராக இழுத்துப் பிரிக்க வேண்டும். திருகினால் உள்ளே ஊசிகள் வளையும். பிறகு அச்சின் இரண்டு பக்கமும் ஆலன் கீ போட்டுத் தளர்த்த வேண்டும். சாதாரண ரோடு சைக்கிளில் இருக்கும் ஒரே திருப்பில் கழலுகிற அச்சு இதில் கிடையாது. காரணம் இருக்கிறது. மோட்டார் சக்கரத்தைத் திருப்பும்போது, அதே விசையில் தன் அச்சை எதிர்த்திசையில் திருப்பப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் அச்சில் தட்டையான முகமும் தடுப்பு வாஷரும். திருப்பி மாட்டும்போது வாஷரைப் பழைய திசையிலேயே வைத்து, சொல்லப்பட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். கை அளவில் முறுக்கிவிட்டுப் போனால், அச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று ஒயரை அறுத்த கதைகள் உண்டு. ஆகவே டயருக்குள் பஞ்சர் அடைக்கிற திரவம் ஊற்றி ட்யூப் இல்லாமல் ஓட்டுவது இந்த வண்டிக்கு உத்தமம்.

ஸ்போக்ஸ் கம்பிகளையும் மாதம் ஒருமுறை விரலால் சுண்டிக் கேட்க வேண்டும். பெரிய ஹப் என்பதால் கம்பி குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். ஒன்று தளர்ந்தால் பக்கத்தில் இருப்பது உடையும். கோட்டம் எடுக்கத் தெரிந்த மெக்கானிக் யாராக இருந்தாலும் இதைச் செய்வார். ஆனால் ஒயர் தொங்குகிற சக்கரத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

சார்ஜ் துளை பல வண்டிகளில் பெடல் அச்சுக்கு மேலேயே இருக்கிறது. சைக்கிளில் சேறும் தண்ணீரும் வந்து சேரும் இடம் அது. ரப்பர் மூடி இருந்தும் என் வண்டியில் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு ஊசியில் பச்சை பூத்துவிட்டது. மின்னிணைப்பு துடைக்கிற ஸ்பிரேயால் போயிற்று. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவது கூடவே கூடாது. வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

பேட்டரிக்கு வேண்டியது, வெயிலில் கிடக்காமல் இருப்பது, வாரக்கணக்கில் நிறுத்தினால் பாதி சார்ஜில் நிறுத்துவது, உறைகுளிரில் சார்ஜ் போடாமல் இருப்பது. இவ்வளவும் செய்தாலும் அது வயதாகும். ஓட்டினாலும் வயதாகும், சும்மா இருந்தாலும் வயதாகும். பத்து ஜோடி செல்லும் ஒரே சங்கிலி என்பதால், ஒரு ஜோடி நலிந்தால் காவல்காரச் சுற்று மொத்த பேட்டரியையும் நிறுத்திவிடும். மற்ற பதினெட்டு செல்லும் நன்றாக இருந்தாலும் சரி.

இங்கேதான் ஒளித்ததன் விலை தெரிகிறது. பேட்டரி குழாய்க்குள் இருப்பதால் அதை மட்டும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. மாடி வீட்டுக்காரர் முழு வண்டியையும் தூக்க வேண்டும். விமானத்தில் கொண்டுபோக முடியாது. 100 வாட்-மணிக்கு மேல் போனால் விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும், 160க்கு மேல் பயணிகளுக்கு வழியே இல்லை. சைக்கிளைப் பெட்டியில் போட்டு ஆல்ப்ஸுக்கோ மயோர்க்காவுக்கோ போகிறவர்கள்தான் இந்த வண்டிக்கு இயல்பான வாடிக்கையாளர்கள். அவர்களாலேயே முடியாது. பேட்டரி செத்தால் பெடல் அச்சைக் கழற்றி, கீழிருந்து உருவ வேண்டும். கடைக்காரரிடம் கம்பெனியின் மென்பொருள் இருந்தால்தான் புதியதை வண்டி ஏற்றுக்கொள்ளும்.

வேறு வழி இல்லாமல் இல்லை. மியூனிக்கின் ஃபாஸுவா கம்பெனி முதலில் செய்த அமைப்பில் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த மூன்று கிலோச் சொச்சம் எடையுள்ள துண்டு கீழ்க் குழாயிலிருந்து ஒரே சொடுக்கில் கழன்று வரும். அந்த இடத்தில் ஒரு காலி மூடியை மாட்டினால் சாதாரண சைக்கிள். மூடிக்குள் ட்யூபும் பம்பும் வைத்துக்கொள்ளலாம். குழாய் மட்டும் கொஞ்சம் பருமனாக, உள்ளே ஏதோ இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். அதே கம்பெனி 2022இல் கொண்டுவந்த அடுத்த அமைப்பில் மோட்டார் பெடல் அச்சிலேயே நிரந்தரமாகிவிட்டது. கழற்றக்கூடியது எனக்கு அறிவாளித்தனமாகப் பட்டது. சந்தைக்கு அப்படிப் படவில்லை.

*

2023 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமின் வான்மூஃப் கம்பெனி திவாலானது. ஊருக்குள் ஓட்டுகிற மின்சார சைக்கிள் செய்தவர்கள், ரோடு சைக்கிள் அல்ல. ஆனால் அவர்களும் பேட்டரியைச் சட்டத்துக்குள் ஒளித்தவர்கள், அழகுக்காக. பூட்டைத் திறக்கும் டிஜிட்டல் சாவி கம்பெனியின் சர்வரில் இருந்தது. சர்வர் நின்றால் வண்டி என்னாகும் என்று பயந்து எல்லோரும் சாவியைப் போனில் இறக்கி வைக்க ஓடினார்கள். அதற்கு ஆப் செய்து கொடுத்தது போட்டிக் கம்பெனியான கௌபாய். வேறு ஒருவர் கம்பெனியை வாங்கி நடத்தினார் என்றாலும், பழைய வண்டிக்காரர்களுக்கு அந்தக் கோடைகாலம் மறக்காது.

அதே 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் பேட்டரிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. எண் 1542. அதன் 11ஆவது பிரிவு 2027 பிப்ரவரி 18 முதல் நடப்புக்கு வருகிறது. மின்சார சைக்கிள் போன்ற இலகு வண்டிகளின் பேட்டரியையும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு செல்லையும், கம்பெனியைச் சாராத தொழிலாளி எவரும் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். அந்த மாடலின் கடைசி வண்டி விற்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் மாற்று பேட்டரி கிடைக்க வேண்டும். மென்பொருளைக் காட்டி வேறு பேட்டரியைத் தடுக்கக் கூடாது.

அதற்கு முன்பு விற்ற வண்டிகளுக்கு இது பொருந்தாது. 2017, 2018இல் வாங்கியவர்களின் பேட்டரிகள் இப்போது ஒவ்வொன்றாகப் படுக்கின்றன. ஐரோப்பாவின் பல ஊர்களிலும் பேட்டரியைத் திறந்து செல் மாற்றிக் கொடுக்கிறவர்கள் சின்னச் சின்னப் பட்டறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீளக் குழாய் மாதிரி இருக்கிற பொதியின் உறையைக் கீறி, நிக்கல் பட்டையைப் பிரித்து, இருபது புது செல்லை ஸ்பாட் வெல்டிங் செய்வது அரை நாள் வேலை. உள்ளே இருக்கிற காவல்காரச் சுற்று மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உணர்ந்தால் சில வகைகளில் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். அதனால் பழைய செல்லை எடுப்பதற்கு முன்பே அதன் எல்லா முனைகளிலும் வெளியிலிருந்து ஒயர் கொடுத்து, வேலை முடிகிறவரை அதை விழித்திருக்க வைக்கிறார்கள்.